திரும்பி வந்த பைல்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு 'பேர்' என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் சம்பளச் சிட்டை வரும். எத்தனை பேர், எவ்வளவு கைக்காசு, சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு, தீபாவளி அட்வான்சில் இந்த மாதம் கழித்தது எவ்வளவு என்று எல்லாம் வரிவரியாக இருக்கும். வாசிக்கத் தெரியாத பாட்டி அதைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். விரல் விட்டு எண்ணி மனதில் வைத்திருந்த பேரோடு ஒத்துப் பார்ப்பாள். ஒரு பேர் குறைந்தாலும் மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளைக்கு நிம்மதி இருக்காது.

மாணவர் கடன் நிர்வாகத்தில் தரக் கட்டுப்பாடு, சுயமதிப்பீடு என்றெல்லாம் இன்று பெரிய பெயர்களில் பேசப்படுவதை நம் பாட்டிகள் மாதம் தவறாமல் செய்துவந்தார்கள். அந்தப் பேத்தி உயர்தரம் சித்தியடைந்து, அதே சிட்டையைப் பைல் உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பதுளை மாவட்டத்து மடுல்சீமையிலிருந்தோ பூனாகலையிலிருந்தோ ஒரு பிள்ளை புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். உயர்கல்வி உதவிக்கான படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்: பெற்றோரின் ஆண்டு வருமானம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்த நாட்சம்பளத்தில், 25 பேர் விழுந்த மாதத்தில் அம்மாவின் சம்பளம் 33,750 ரூபாய். கொழுந்து குறைந்து 14 பேர் மட்டுமே விழுந்த மாதத்தில் 18,900. கழிவுகள் போனால் கைக்கு வருவது இன்னும் குறைவு. எந்த மாதத்துச் சிட்டையைப் பன்னிரண்டால் பெருக்குவது? தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஒரு கணக்குச் சொல்வார், கிராம சேவகர் இன்னொன்று எழுதுவார், பிரதேச செயலகத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை, அந்த மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பைல் திரும்பி வரும்.

இந்தப் பைல் போகக்கூடிய வழிகள் இரண்டு. பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவர்களுக்கு மஹாபொல உதவித்தொகை இருக்கிறது. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 1981இன் 66ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நம்பிக்கை நிதியமாக அமைந்தது அது. வர்த்தகக் கண்காட்சிகளிலும் லொத்தரிலும் திரட்டிய பணத்தில் வளர்ந்தது. மஹாபொல கிடைக்காதவர்களுக்கு பர்சரி என்ற உதவிப்பணம். மாதம் 5,000 ரூபாயாக இருந்த மஹாபொலவை 7,500 ஆகவும், 4,000 ரூபாயாக இருந்த பர்சரியை 6,500 ஆகவும் உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. இரண்டையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டவர்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம். அங்கீகரிக்கப்பட்ட அரசு சாரா உயர்கல்வி நிறுவனமொன்றில் பட்டம் படிக்கக் கட்டணத்துக்காக 8 லட்சம் ரூபாய் வரை, கைச்செலவுக்கு வேண்டுமானால் ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரை என்பது தொடக்க ஏற்பாடு. வட்டியை அரசு கட்டும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை ஆரம்பிக்கும். தாளில் பார்த்தால் இதைவிட நல்ல கடன் கிடையாது.

மலையிலிருந்து பார்க்கும்போது வேறு விதமாகத் தெரிகிறது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு திறமைச் சித்தி, அல்லது உயர்தரப் பொது ஆங்கிலத்தில் சாதாரண சித்தி வேண்டும் என்பது நிபந்தனை. ஆங்கில ஆசிரியர் ஆண்டு முழுவதும் தங்கும் தோட்டப் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். படிக்கக்கூடிய நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் சுமார் பத்து மணி நேரம் ஓடும். ஆண்டுக்கு 75,000 என்றால் மாதம் 6,250 ரூபாய். கொழும்பில் ஒரு அறை வாடகைக்கே அது காணாது. இவற்றையெல்லாம் தாண்டிப் போனால் வங்கி மேசையில் பிணையாளர் என்ற சொல் காத்திருக்கும்.

இந்தச் சொல் எழுப்பும் கடன் பயத்துக்கு மலையகத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 'துண்டு' முறையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், அவன் பேரில் உள்ள கடனைப் புதிய தோட்டம் தீர்க்க வேண்டும். அந்தக் கடன் தொகையை எழுதிக் கொடுத்த தாள்தான் துண்டு. கடன் எவ்வளவு, எப்படி வளர்ந்தது என்பதைக் கங்காணி மட்டுமே அறிவார். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடன் தாளில் கையெழுத்திட ஒரு தகப்பன் தயங்கினால், 'விழிப்புணர்வு இல்லை' என்று கருத்தரங்குகளில் சொல்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. அவருக்கு இருப்பதுதான் விழிப்புணர்வு.

அவர் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அடகு வைக்கக் காணி இல்லை. பிணைக்கு வரக்கூடிய அரச ஊழியர் என்றால் அந்த டிவிஷனில் ஓர் ஆசிரியர் இருக்கலாம், அவரும் ஏற்கெனவே இரண்டு பேருக்குக் கையெழுத்திட்டிருப்பார். இந்தியாவில் வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் இந்திய ரூபாய் வரையான கடனுக்குப் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். மூன்றாம் ஆள் பிணையும் சொத்து அடமானமும் கேட்கக்கூடாது. 2015இல் வந்த கடன் உத்தரவாத நிதி அந்த வரம்பை ஏழரை லட்சமாக்கியது. விதி அப்படி இருந்தும் அங்கே கிளை முகாமையாளர்கள் அலைக்கழிப்பதாகப் புகார்கள் ஓயவில்லை என்பது வேறு கதை. ஆனால் புகார் செய்பவன் கையில் காட்டுவதற்கு ஒரு விதியாவது இருக்கிறது.

அமெரிக்க அனுபவம் ஒன்று நமக்கு நேராகப் பயன்படும். அங்கே மத்திய அரசின் மாணவர் உதவித்தொகையையும் கடனையும் கல்லூரிகளின் நிதியுதவி அலுவலகங்களே நிர்வகிக்கின்றன. விண்ணப்பத்தில் சொன்ன வருமானம் சரிதானா என்று ஒரு பகுதி மாணவர்களிடம் தாள்கள் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். 1980களின் நடுவில் சோதனையாகத் தொடங்கிய தர உறுதித் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஒரு சுதந்திரம் தரப்பட்டது: பொதுவான சரிபார்ப்பு விதிகளுக்குப் பதிலாகத் தங்கள் மாணவர்களுக்கு ஏற்ற விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். அதற்கு விலையாக ஒரு வேலை இருந்தது. மாணவர்களில் ஒரு தொகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்களுடைய ஒவ்வொரு விவரத்தையும் சரிபார்த்து, எந்தக் கட்டத்தில் பிழை வருகிறது, அந்தப் பிழை கிடைக்கவேண்டிய பணத்தை மாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். 2016–17 கல்வியாண்டோடு அந்தத் திட்டம் முடிந்தது. அது கேட்ட கேள்வி இன்னும் பழசாகவில்லை.

பணத்தை மாற்றும் பிழை எது, மாற்றாத பிழை எது? எங்கள் பிள்ளையின் பைலை இந்தக் கண்ணோடு திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் லெட்சுமி. அடையாள அட்டையில் லட்சுமி. சம்பளச் சிட்டையில் லெச்சுமி. தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதினார், அடையாள அட்டைக்குச் சிங்களத்திலிருந்து திரும்ப எழுதியவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். இந்தப் பிழையால் குடும்பத்தின் வறுமை ஒரு சதம்கூடக் கூடிக் குறையவில்லை. ஆனால் பைலைத் திருப்புவது இதுதான். மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வருமானக் கணக்கோ உண்மையிலேயே பணத்தை மாற்றக்கூடியது. அதில் எந்த எண்ணை எழுதினாலும் முத்திரை இருந்தால் போய்விடும்.

ஒரு நிர்வாகம் தன்னைத் தானே மதிப்பிடுவது இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பேன். கடந்த ஆண்டு திருப்பியனுப்பிய விண்ணப்பங்களில் நூறை எடுத்து, எத்தனை எழுத்துப் பிழையால் திரும்பின, எத்தனை முத்திரைக்காகத் திரும்பின, எத்தனையில் உண்மையிலேயே உதவிக்குத் தகுதி மாறியது என்று எண்ணிப் பார்க்க ஒரு வாரம் போதும். இதற்கு வெளிநாட்டு நிபுணரோ கடனுதவித் திட்டமோ வேண்டியதில்லை.

இலங்கையில் இந்தப் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிச் சபை, பட்டப்படிப்புகளை எட்டு அளவுகோல்களில் மீளாய்வு செய்கிறது. பீடம் முதலில் தன்னைப் பற்றித் தானே சுயமதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு நியமத்துக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. சொன்னதற்கெல்லாம் சான்று வைக்க வேண்டும். பிறகு வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் வந்து தங்கி, பைல்களைப் புரட்டி, மாணவர்களோடு பேசி, தரம் போடுவார்கள். எட்டில் ஓர் அளவுகோல் கற்றற் சூழலும் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் பற்றியது. விரிவுரை மண்டபத்துக்கு ஒலிபெருக்கி இருக்கிறதா என்று பார்க்கும் அதே கண், முதலாம் ஆண்டு மாணவியின் முதல் பர்சரித் தவணை அவள் வந்து எத்தனை நாள் கழித்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டுக் கடையில் கடன் கொப்பி தொடங்குவதும் மூடுவதும் அந்த நாள்களைப் பொறுத்தது.

மேல்மட்டத்துக் கணக்கைக் கேட்க ஆள் இருக்கிறது. மஹாபொல நிதியின் பணத்தோடு 1999இல் உருவான தகவல் தொழில்நுட்ப நிறுவனம், பின்னர் நிதியத்தின் பிடியிலிருந்து பிரிந்துபோன விதத்தைப் அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழு 2021இல் விசாரித்தது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நல்லது. கோடிகள் தொலைந்தால் கோப் குழு கூடும். பசறையில் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் தொலைந்தால் கூடுவதற்கு என்ன இருக்கிறது?

உண்மையில் தொலைவது விண்ணப்பம் கூட இல்லை, அதற்கு முந்திய கடிதம். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் முகவரி. கடிதங்கள் தோட்ட ஆபீசில் சேர்ந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவரும் நாளில் வரும். கடைசித் திகதிக்கு மறுநாள் கைக்கு வந்த கடிதத்தைப் பற்றி ஊவாவின் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. ஆனாலும் உறையைப் பிரித்தால் உள்ளே சிங்களம் மட்டுமே இருப்பது இன்னும் அதிசயமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, பெட்டிகளுக்குள் இருந்த சான்றிதழ்களும் போயின. அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளையிடம் 'மூலப் பிரதி எங்கே' என்று கேட்கும் படிவத்துக்குப் பூச்சியம் புள்ளியைத்தான் போட முடியும்.

இந்தப் பிள்ளைகள் எந்த அறிக்கையிலும் வர மாட்டார்கள். அலுவலகத்தின் சுயமதிப்பீடு தனக்கு வந்த விண்ணப்பங்களிலிருந்து தொடங்குகிறது. வராதவர்களை எண்ண அதனிடம் கட்டம் இல்லை. 'கிடைத்த விண்ணப்பங்களில் 95 வீதம் குறித்த காலத்தில் தீர்க்கப்பட்டன' என்று ஓர் அலுவலகம் எழுதினால் அது பொய்யாக இருக்காது. உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்த தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் விண்ணப்பித்தவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த 95இன் நிறம் தெரியும். முதல் எண் வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்கும், இரண்டாவது கொழும்பில் இருக்கும். ஒன்றையொன்று சந்திக்க வைப்பது யார் வேலை என்று எழுதப்படவில்லை.

கடன் கட்டப்படாமல் போனால் யாரைக் கேட்பது என்பதும் இதோடு சேர்ந்தது. நம் ஊரில் பிணையாளரைக் கேட்பார்கள். அமெரிக்காவில் கல்லூரியையும் கேட்கிறார்கள். ஒரு கல்லூரியில் படித்துக் கடன் வாங்கியவர்களில் தவறியோர் வீதம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 30 வீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஒரே ஆண்டில் 40 வீதத்தைத் தாண்டினால், அந்தக் கல்லூரி கடன் திட்டத்தில் சேரும் உரிமையை இழக்கலாம். கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு வேலைக்கு உதவாத பட்டத்தைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் கணக்கில் வர வேண்டாமா? பிணை நின்ற ஆசிரியரின் சம்பளத்தில் கைவைக்கும் முன் அந்த நிறுவனத்தின் முதல் மூன்று தொகுதியினர் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், அங்கீகாரப் பட்டியல் சற்றுச் சுருங்கலாம். சுருங்கட்டும்.

பதுளை நகரிலிருந்து பசறை வீதியில் போனால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். 2005இல் தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பத்திலும் பெறுமதி சேர்ப்பிலும் அங்கே ஒரு பட்டமே இருக்கிறது. அந்த வீதியால் கொழுந்து லொறி போகும், பல்கலைக்கழக பஸ்சும் போகும். லொறியில் ஏறிய கொழுந்து தொழிற்சாலைக்குப் போய், நிறுத்து, சிட்டை எழுதி, வந்த நேரம் பதிந்து, வாடி அரைபட்டுவிடும். எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ தூளானது, எங்கே குறைந்தது என்று துரைக்குத் தெரியும். பிள்ளையின் பைல் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பது பிள்ளைக்கே தெரியாது.

ஆகவே கொப்பி நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். டிவிஷன் நூலகமோ, கோயில் கமிட்டியோ, படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் இருவரோ ஒரு கொப்பி போடட்டும். பைல் போன திகதி, திரும்பிய திகதி, என்ன காரணம் சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், அதற்காக எத்தனை பேர் முறிந்தது. மூன்று தோட்டங்களின் கொப்பிகள் சேர்ந்தால் எந்த அலுவலகமும் மறுக்க முடியாத ஓர் அறிக்கை கையில் இருக்கும்.

முதல் பக்கத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். பல வருடங்களுக்கு முன், உதவித்தொகை ஒன்றுக்காக நான் கொண்டுபோன பைல் மூன்று தடவை திரும்பியது. மூன்றாம் தடவை 'இது செல்லாது' என்று எடுத்து வீசிய தாள், முதல் தடவை அதே மேசையில் 'இது மட்டும்தான் சரி' என்று தனியாக எடுத்து வைத்த தாள். அப்பாவுக்கு அதில் நான்கு பேர் போனது.