தற்கொலை எண்ணம்: மூளையில் என்ன நடக்கிறது... சிகிச்சை எப்படி மாற்றுகிறது?

‘சாப்பாடு இருக்கு, வீடு இருக்கு, படிக்க வைக்கிறோம். அப்புறம் உனக்கு என்னடா குறை?’ டிப்ரஷனில் இருக்கும் பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். அல்லிநகரமோ, கம்பமோ, சென்னையோ, எல்லா ஊரிலும் இதே கதைதான். அடுத்து யாராவது மந்திரித்துக் கயிறு கட்டிவிடுவார்கள். டாக்டர் என்ற பேச்சு வருவதற்குள் மாதக்கணக்காகிவிடும்.

குறை வாழ்க்கையில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. மூளை வேலை செய்யும் விதத்திலும் இருக்கலாம். ‘செத்துடலாம்’ என்ற எண்ணம் நன்றாக யோசித்து எடுத்த முடிவு போலத் தெரியும். ஆனால், காய்ச்சலுக்கு உடம்பு சுடுவது மாதிரி, மனச்சோர்வு நோயில் அது ஓர் அறிகுறி. அறிகுறி என்றால், அதற்குச் சிகிச்சையும் உண்டு.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் நமக்குள் இருக்கும் நிதானமான பெரியவர். ‘கொஞ்சம் பொறு, வேற வழி இருக்கு’ என்று சொல்வது அதன் வேலை. உள்ளே ஆழத்தில் இருக்கும் அமிக்டலா, பயத்தையும் ஆபத்தையும் உணர்த்தும் அலாரம். மனச்சோர்வில் பலருக்கு இந்த அலாரம் ஓயாமல் அடிக்கிறது. அதை அமைதிப்படுத்த வேண்டிய முன்பகுதியின் பிடி தளர்கிறது. அதனால்தான் பத்து வழிகள் இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு வழி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்த எண்ணம் ஒரே அளவில் நிற்காது. அலை மாதிரி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தைக் கடத்திவிட்டால், உயிர் பிழைக்கும் வாய்ப்பு பெரிதாகக் கூடுகிறது.

மாத்திரையிலிருந்து காந்தம் வரை

மனச்சோர்வுக்கான வழக்கமான மாத்திரைகள் வேலை செய்யப் பொதுவாக சில வாரங்கள் ஆகும். ‘ரெண்டு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல’ என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அதனால் அந்த வாரங்களில் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பேச்சு வழி சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடும்.

‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்றதும் சினிமா காட்சி ஞாபகத்துக்கு வரும். நிஜத்தில் அது மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை. மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தற்காலிக மறதி வரலாம் என்றாலும், தீவிர மனச்சோர்வில் வேகமாகப் பலன் தரும் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

கீட்டமைன் என்ற பழைய மயக்க மருந்து, குறைந்த அளவில், சில மணி நேரத்திலேயே தற்கொலை எண்ணத்தைத் தணிப்பதை ஆய்வுகள் காட்டின. அதன் உறவு மருந்தான எஸ்கீட்டமைன் மூக்கு ஸ்பிரேக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து இது.

மூளையின் மின் அலைகளைப் படிக்கும் முயற்சியும் நடக்கிறது. கனடாவின் டொரன்டோவில், காந்த அலை மூலம் வலிப்பைத் தூண்டும் ஒரு சிகிச்சையை ஆராய்ந்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், சிகிச்சைக்கு முன்பே மூளையின் முன்பகுதிச் செயல்பாட்டை அளந்து, யாருக்குத் தற்கொலை எண்ணம் நீங்கும் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. ஆனால், அது மிகச் சிறிய ஆய்வு. ‘ஸ்கேன் எடுத்து தற்கொலை எண்ணத்தைக் கண்டுபிடிச்சுடுவோம்’ என்று யாராவது சொன்னால் இன்றைக்கு நம்ப வேண்டாம்.

ஒரு போன் கால் செய்த வேலை

இந்த மெஷின் எல்லாம் நம்ம ஊருக்கு எப்போ வரும் என்று தோன்றுகிறதா? மெஷினே இல்லாமல் உயிர் காத்த ஆய்வு ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் நடத்திய அந்த ஆய்வில் சென்னையும் கொழும்பும் இடம்பெற்றன. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒரு மணி நேரம் ஆலோசனை கொடுத்தார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரித்தார்கள். அவ்வளவுதான். 2008-ல் முடிவு வெளியானபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவிகிதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவிகிதம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நண்பர் சரியாகப் பேசவில்லை, தூங்கவில்லை, ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’ என்கிறார் என்றால் நேரடியாகவே கேளுங்கள்: ‘சாகணும்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். அறிவுரை வேண்டாம், காது கொடுங்கள். ஆபத்தான பொருள்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அல்லிநகரத்துக்காரர்களுக்கு, மதுரை ரோட்டில் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ‘போலீஸ் கேஸ் ஆகிடுமோ’ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-வது பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அது சொல்கிறது.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். டெலி மனஸ்: 14416 (24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்). தமிழக அரசின் உதவி எண்: 104. சென்னை சினேகா: 044-24640050. ஆலோசனைக்குப் பணம் எதுவும் இல்லை.