வீடு வாங்கும்போது கரண்ட் பில்லையும் கேளுங்கள்

கோவை பீளமேட்டில் பம்ப்செட் வாங்க வருகிறவர் மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. மோட்டாரும் பம்பும் செய்தே வளர்ந்த ஊர் இது. எந்த மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பது இங்கே டீக்கடை வரைக்கும் தெரியும். அதே மனிதர் ஹோப் காலேஜ் பக்கமோ சௌரிபாளையம் பக்கமோ எண்பது லட்சத்துக்கு ஃபிளாட் பார்க்கப் போனால் கேட்கிற கேள்விகள் வேறு: வாசல் கிழக்கா, தண்ணீர் சிறுவாணியா, கார் நிறுத்த இடம் உண்டா, லோன் கிடைக்குமா. இந்த வீடு ஏப்ரல் மாதத்தில் எவ்வளவு சூடாகும், அதைக் குளிர வைக்க ஆயுள் முழுக்க எவ்வளவு கரண்ட் கட்ட வேண்டும் என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்று சட்டம் இருக்கிறது, வாங்குபவருக்கு உரிமைகளும் இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் வீட்டைக் கிரயம் செய்ய மின்சிக்கனச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று பார்ப்பார்களே தவிர, வீட்டுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்க மாட்டார்கள். குடியிருப்புகளுக்கு நட்சத்திரக் குறியீடு இருப்பது உண்மை. மத்திய அரசின் பி.இ.இ. என்னும் எரிசக்தித் திறன் பணியகம் 2019இல் அதைக் கொண்டுவந்தது. ஆனால் விரும்புகிறவர் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ‘இனிமேல் இந்தச் சான்று இல்லாமல் வீடு விற்க முடியாதுங்க, நான் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால், எந்த அரசாணை, என்ன எண், என்ன தேதி என்று கேளுங்கள். அதைக் காட்டாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இன்று கட்டாயமில்லை என்பதால் என்றைக்கும் வராது என்று இருந்துவிட முடியாது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் முதலில் பெரிய வணிகக் கட்டடங்களைத்தான் நினைத்துக் கட்டட நெறிமுறை வகுத்தது. 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு குடியிருப்புகளும் அதன் வரம்புக்குள் வரலாம். இணைப்புப் பளு 100 கிலோவாட், அல்லது ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ. என்ற அளவைத் தொடும் கட்டடம் என்று சட்டம் சொல்கிறது. லிஃப்ட், மோட்டார், நூறு வீடுகள் என்று நிற்கும் அடுக்ககம் இந்த அளவைத் தொடுவது பெரிய விஷயமல்ல. அளவைக் குறைத்துச் சின்னக் கட்டடங்களையும் சேர்க்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது.

குடியிருப்புகளுக்கென்றே ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற நெறிமுறை 2018 டிசம்பரில் வந்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் எழும் குடியிருப்புகளுக்கானது அது. நம் கணக்கில் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்ட். சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது; கூரை வெப்பத்தைக் கடத்தும் அளவு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்டலத்தில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்று அது வகுக்கிறது. மாநிலம் தன் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் இதற்குச் சட்ட வலு. ஆனால் வலு வரும்வரை இந்த மூன்று எண்களையும் பில்டரிடம் கேட்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

காரணம், வெறும் கான்கிரீட் தளம் அந்தக் கூரை அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தைக் கீழே இறக்கும். முன்பெல்லாம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். நல்ல மேஸ்திரி அதில் கை குறைக்க மாட்டார். இன்று பல இடங்களில் அது வெறும் வெள்ளைப் பெயின்டாகச் சுருங்கிவிட்டது. வெள்ளைப் பூச்சும் கூல் டைல்ஸும் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது சரிதான். ஆனால் வெள்ளை அழுக்கானால் பலன் குறையும். கூரைக்குள் வெப்பத் தடுப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. அடுத்தது மேற்குச் சுவர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் கோவைக்குக் கிடைத்த வரம். அந்தக் காற்றை உள்ளே விடாமல், மாலை வெயிலை மட்டும் உள்ளே விடும் பெரிய கண்ணாடியை மேற்கில் வைத்துவிட்டு, எல்லா அறைக்கும் ஏ.சி. பாயின்ட் கொடுத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிற வீடுகளைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

இந்தச் சூடு நேராக மின்கட்டணத்தில் வந்து விழும். 2024 கட்டண மாற்றத்தின்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு உள்ள குறைந்த விலை போய்விடுகிறது. கோடையில் ஒரு ஏ.சி. கூடுதலாக ஓடினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். அடுக்ககம் என்றால் இன்னொன்றும் சேரும். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது உபயோக மின்சாரத்துக்கு 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வைத்தார்கள். பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மறு ஆண்டு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். மாதப் பராமரிப்புத் தொகை ஏன் ஏறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் உறவுகள் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள். லண்டனில் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ ஏ முதல் ஜி வரை தரம் போட்ட மின்சிக்கனச் சான்று வேண்டும். விளம்பரத்திலேயே அந்த எழுத்தைப் போட வேண்டும். பிரான்சில் 2025 ஜனவரி 1 முதல் ஜி தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. எஃப், ஜி தரத் தனி வீடுகளை விற்பவர் 2023 ஏப்ரல் முதல் தணிக்கை அறிக்கையும் கொடுக்க வேண்டும். தரம் குறைந்த வீட்டுக்குப் பேரம் அந்த எழுத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. நம் மாநிலத்திலும் அரசு நினைத்தால் நடக்கும் என்பதற்கு 2003இல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பே சாட்சி. இன்று வாங்கும் வீட்டைப் பதினைந்து வருடம் கழித்து விற்கப் போகிறவர், அன்றைய விதியையும் அன்றைய வாங்குபவரையும் சந்திக்க வேண்டியிருக்கும்.

இன்றைக்கு உள்ள பெரிய ஆபத்து, பச்சை வண்ணத்தில் அச்சடித்த விளம்பரம். ‘கிரீன் ஹோம்’, ‘ஈகோ ஃபிரண்ட்லி’, ‘நாற்பது சதவீதம் மின்சாரம் மிச்சம்’ என்று போடுவார்கள். ஐ.ஜி.பி.சி., கிருஹா போன்ற அமைப்புகள் தரும் சான்று மதிப்புள்ளதுதான். ஆனால் வரைபட நிலையில் தரும் முன்சான்று வேறு, கட்டி முடித்த பிறகு சரிபார்த்துத் தரும் இறுதிச் சான்று வேறு. முன்சான்றை மட்டும் காட்டி விற்றுவிட்டு, கட்டும்போது ஜன்னல் கண்ணாடியையும் கூரைத் தடுப்பையும் மலிவாக மாற்றிவிட்டால் இறுதிச் சான்று வராமலே போகலாம். எனவே எந்தச் சான்று, எந்தக் கட்டடத்துக்கு, எந்த ஆண்டு என்று பார்த்துவிட்டு, தந்த அமைப்பிடமே சரிபாருங்கள்.

இங்கே ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டத்தைத் தமிழ்நாடு ரெராவில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. 12ஆவது பிரிவு, பொய்யான விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு பெறும் உரிமையைத் தருகிறது. வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். 14(3)ஆவது பிரிவின்படி, சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ அக்ரிமென்டில் ஒப்புக்கொண்ட வேறு எதிலோ குறை தெரிந்து நீங்கள் எழுத்தில் சொன்னால், 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்ய வேண்டும்.

‘அக்ரிமென்டில் ஒப்புக்கொண்ட’ என்பதில்தான் முழுப் பலமும் இருக்கிறது. கூரைக்கு என்ன தடுப்பு, எத்தனை மில்லிமீட்டர், சுவர் ஏ.ஏ.சி. பிளாக்கா செங்கல்லா, கண்ணாடி என்ன வகை, சோலார் எத்தனை கிலோவாட், இறுதிச் சான்று எந்தத் தேதிக்குள் வரும் ஆகிய எல்லாவற்றையும் விவரக் குறிப்பு அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் செஞ்சு கொடுத்திருவோமுங்க’ என்ற வாய்ச்சொல்லை எந்த மன்றத்திலும் நிரூபிப்பது கஷ்டம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்க பில்டருக்கு உரிமையில்லை என்பதால், எழுதி வாங்க வேண்டிய நேரம் அட்வான்ஸ் கொடுக்கும்போதுதான்.

பழைய வீட்டைத் தனி ஆளிடம் வாங்கினால் ரெரா உதவாது. அங்கே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 55ஆவது பிரிவு. சூடான வீடு என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆகையால் நீங்களே பாருங்கள். மாலை நான்கு மணிக்குப் போய் மேல்மாடிக் கூரையின் அடியில் நில்லுங்கள். கடந்த ஒரு வருடத்தின் ஆறு மின்கட்டண ரசீதுகளையும் கேளுங்கள். எத்தனை பேர் குடியிருந்தார்கள், எத்தனை ஏ.சி. என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

மாடியில் சோலார் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்பதால் நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். அதை லோனில் போட்டார்களா, லோன் முடிந்துவிட்டதா, பேனலும் இன்வெர்ட்டரும் வாரன்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேனல்கள் வீட்டோடு சேர்ந்தவை என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கிரயம் முடிந்ததும் மின் இணைப்பின் பெயர் மாற்றத்தோடு நெட் மீட்டர் ஒப்பந்தத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். ஃபிளாட்டில் ‘மொட்டை மாடி உங்களுக்கே, சோலார் வைத்துக்கொள்ளலாம்’ என்று பில்டர் சொன்னால் நம்ப வேண்டாம். ரெராவின்படி மொட்டை மாடி எல்லோருக்கும் பொது.

விற்பவருக்கும் இதில் லாபம் இருக்கிறது. கூரைக்குச் செய்த வேலையின் பில், சோலார் காகிதங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருப்பவர், பேரத்தில் தன் வீட்டுக்குக் கேட்கும் கூடுதல் விலைக்குக் காரணம் காட்ட முடியும்.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் முதலில் பதிவுத் தபாலில் எழுதுங்கள். விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி, போட்டோ எதையும் அழிக்க வேண்டாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரெராவில் இணையம் வழியாகவே புகார் பதியலாம். அங்கே வந்த உத்தரவு சரியில்லையென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம். நுகர்வோர் வழியும் திறந்திருக்கிறது: கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் கோவை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். சுற்றுச்சூழல் பெயரில் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. புகாரில் அதையும் குறிப்பிடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் காலவரம்பு. பில்டர் ‘அடுத்த மாசம் பார்க்கலாமுங்க’ என்று இழுத்துக்கொண்டே போனாலும் அந்தக் கடிகாரம் நிற்காது.