மழையை எங்கே நிறுத்துவது?



அண்மையில் எங்கள் கல்லூரியிற் பெற்றோர் கூட்டம் முடிந்து நான் புறப்படும் வேளையில் ஒரு தாயார் வந்து மறித்தார். அவருடைய மகன் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் பயில்பவன்.

"சேர், இவன் சோதினையை விட்டிட்டு, படத்துக்கு மியூசிக் போடவும் சவுண்ட் செய்யவும் படிக்கப் போறானாம். உதிலை சீவிக்கலாமோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன்னர் இதே ஆசையோடு என்னிடம் வந்த வேறொரு மாணவனுக்கு, "உது சோறு போடாது, தம்பி" என்று ஒரே வரியிற் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தத் தொழிலைப் பற்றி அப்போது எனக்கு எதுவுமே தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் போலத் தீர்ப்புக் கூறினேன். அவன் இன்று வேறு வேலை பார்க்கிறான். என்மீது அவனுக்குக் கோபமும் இல்லை. எனினும் அந்த ஒரு வரி என்னை இன்றும் உறுத்துகிறது. ஆகவே இம்முறை ஒரு வாரத் தவணை கேட்டேன். அந்த வாரத்திலே தேடி அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திரைப்படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கையிற் கண்களை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு வகை ஒலிகள் பிரிந்து கேட்கும். முதலாவது, பாத்திரங்களின் பேச்சு. இரண்டாவது, காலடி, கதவு, கிண்ணம், சேலை உரசல் முதலிய செயலொலிகள். மூன்றாவது, அந்த இடத்துக்கே உரிய சூழல் ஒலி. நான்காவது, இசை. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகி, இறுதியில் ஒலிக்கலவை செய்பவரின் கையில் ஒன்றுசேர்கின்றன. எந்த ஒலி முன்னே நிற்பது, எது பின்னே ஒதுங்குவது, எது முற்றாக விலகுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

செயலொலிகளிற் பெரும்பகுதி படப்பிடிப்பின்போது கிடைப்பதில்லை. நடிகர் நடந்த காலடியை, பின்னர் கலையகத்திலே திரையைப் பார்த்தபடி இன்னொருவர் நடந்து பதிவு செய்கிறார். அமெரிக்காவின் யுனிவேர்சல் நிறுவனத்தில் 1929ஆம் ஆண்டளவில் இம்முறையை வளர்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயராலேயே இத்தொழில் இன்றும் 'ஃபோலி' எனப்படுகிறது. ஆய்தத்தை விட்டுவிட்டுத் தமிழில் எழுதினால் 'போலி' என்றாகும், அதுவும் பொருத்தந்தான்! ஹிச்கொக்கின் 'சைக்கோ' படத்திலே கத்தி உடலிற் பாயும் ஓசை, முலாம்பழ வகையொன்றைக் கத்தியாற் குத்திப் பெறப்பட்டது. வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று.

சூழல் ஒலியைப் பற்றி அறிந்தபோது, தமிழாசிரியனாகிய எனக்குத் தொல்காப்பியமே நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்பவற்றோடு புள்ளையும் பறையையும் யாழையும் சேர்த்தே சொன்னார். நெய்தல் நிலத்தின் ஒலி முல்லைக்குப் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும். இன்றைய ஒலித் தொகுப்பாளரும் இதையே செய்கிறார். கடற்கரைக் கிராமத்துக் காட்சியிலே கொழும்புத் தெருவின் இரைச்சல் கேட்டால், பார்ப்பவர் காரணம் அறியாமலே அந்தக் காட்சியை நம்ப மறுப்பார். ஆளில்லாத வெறும் அறைக்குங்கூட ஓர் ஒலி உண்டு. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாய்மூடி நிற்கச் செய்து அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்துகொள்வது இத்தொழிலின் வழக்கம்.

இனி இசையமைப்பாளரின் வேலை. நம்மவர் பலர் திரையிசை என்றவுடன் பாடல்களையே நினைக்கின்றனர். பின்னணி இசை வேறொரு கலை. தொகுக்கப்பட்ட படத்தை இயக்குநரோடு அமர்ந்து பார்த்து, இசை எந்த இடத்தில் தொடங்குவது, எங்கே நிற்பது என்று முதலிற் குறித்துக்கொள்கிறார்கள். அதன்பின் வருவது கணக்கு. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் 25. நிமிடத்துக்கு 72 அடி என்ற காலப்பிரமாணத்தை எடுத்துக்கொண்டால், திரைப்படத்தில் ஓர் அடிக்குச் சரியாக 20 படச்சட்டங்கள் வரும். பத்தாவது விநாடியிற் கதவு அடிபட்டுச் சாத்தப்படுகிறது என்றால், பன்னிரண்டு அடிகள் முடியும் இடத்தில் இசை அந்தக் கதவைச் சந்திக்கும். தாளம் போட்டுப் பாடிப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கணக்குச் சிரமமாகாது.

ஆனாற் கணக்கைவிடக் கடினமானது ஒன்றுண்டு. எங்கே இசை வேண்டாம் என்று அறிவதே அது. பேர்னாட் ஹேர்மன் என்ற அமெரிக்க இசையமைப்பாளரை இதற்கு உதாரணமாகக் கூறலாம். 1911இல் நியூயோர்க்கிற் பிறந்த அவர், முதலிற் பணியாற்றியது வானொலியிலேயே. 1938இல் ஓர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய, செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுப்பைப் பற்றிய புகழ்பெற்ற நாடகத்துக்கு இசை நடத்தியவர் அவரே. வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' படத்தின் மூலம் 1941இல் திரைக்கு வந்தார். 1960இல் 'சைக்கோ' படத்துக்குத் தந்தி வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்தினார். அதில் வரும் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது ஹிச்கொக்கின் முதல் எண்ணம். ஹேர்மனோ இசை எழுதிக் கேட்பித்தார். இயக்குநர் மனம் மாறினார். வயலின்கள் அலறும் அந்த இசை இன்றுவரை பேசப்படுகிறது.

இதே ஹேர்மன், 1963இல் ஹிச்கொக்கின் 'த பேர்ட்ஸ்' படத்தில் ஒலி ஆலோசகராக இருந்தார். அப்படத்திலே வழமையான பின்னணி இசை கிடையாது. மின்னியற் கருவியாற் பிறப்பிக்கப்பட்ட பறவை ஒலிகளும், அவற்றுக்கிடையிலான அமைதியுமே அங்கு இசையின் இடத்தைப் பெற்றன. ஒரு படத்தில் இசை வேண்டும் என்று வாதாடியவரே, இன்னொரு படத்தில் இசையில்லாமைக்குத் துணைநின்றார். கதை எதைக் கேட்கிறதோ அதைக் கொடுப்பவனே இத்தொழிலிற் கலைஞன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இளங்கோவடிகளும் இதை அறிந்திருந்தார் எனலாம். அரங்கேற்று காதையிலே தண்ணுமை ஆசிரியனுக்குரிய தகுதிகளைக் கூறுமிடத்து, மற்றக் கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அவன் வல்லவனாய் இருக்கவேண்டும் என்று குறிப்பார். நிரப்பத் தெரிந்தவர் பலர். அடக்கத் தெரிந்தவர் சிலரே.

இப்போது அந்த மாணவனிடம் வருகிறேன். கடந்த ஆண்டு தமிழ்த் தினப் போட்டிக்கு நாங்கள் தயாரித்த நாடகத்துக்கு ஒலி செய்தவன் அவன். சுளகில் அரிசியைப் பரப்பி மெல்லச் சரித்து மழையை உண்டாக்கினான். தந்தை இறந்த செய்தி மகனுக்குத் தெரியவரும் இடத்திலே, திடீரென்று சுளகை அசையாது பிடித்துக்கொண்டான். ஒத்திகையில் நான் கோபித்தேன். "மழையை ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்டேன். "அந்த இடத்திலை அந்தப் பெடியனுக்கு ஒண்டும் கேட்காது, சேர்" என்றான். அன்று அதைச் சிறுபிள்ளைப் பேச்சென்று விட்டுவிட்டேன். ஹேர்மனைப் பற்றிப் படித்தபோதுதான் அவன் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கிற்று. நான் பாடமாகக் கற்பிக்கும் மெய்ப்பாட்டை அவன் சுளகிலே செய்து காட்டியிருக்கிறான்!

நம் நாட்டிலும் முன்னோடிகள் உளர். நாகர்கோவிலிற் பிறந்து இங்கு வந்த ஆர். முத்துசாமி, சிங்களத் திரைப்படங்கள் பலவற்றுக்கு இசையமைத்துப் புகழ்பெற்று 1988இற் காலமானார். 1937இற் பிறந்த பிரேமசிறி கேமதாச, புல்லாங்குழலோடு வளர்ந்தவர். சிரேஷ்ட பாடசாலைத் தராதரப் பத்திரப் பரீட்சை நாளன்று இலங்கை வானொலியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்ததென்றும், பரீட்சையை விட்டு அவர் வானொலிக்கே போனாரென்றும் அவர் வாழ்க்கையைப் பற்றிக் கூறுவர். பின்னர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கொளு ஹதவத்த', 1972இல் வெனிஸ் திரைப்பட விழாவிற் பரிசு பெற்ற 'நிதானய' ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். மேலைத்தேய இசைமுறையையும் நாட்டார் இசையையும் இணைத்து, இசைநாடகங்களும் படைத்து, 2008இல் மறைந்தார்.

இந்தக் கதையை என் மாணவனும் அறிந்திருந்தான். "கேமதாச சோதினை எழுதேல்லைத்தானே, சேர்?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "அவருக்கு அன்று வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. உனக்கு எங்கேயிருந்து அழைப்பு வந்திருக்கிறது?" அவன் சிரித்துவிட்டான்.

சீவனத்தைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். இத்தொழிலில் மாதச் சம்பளம் அரிது. ஒரு வேலைக்கு ஒரு தொகை. அடுத்த வேலை எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. இலங்கையிலே தமிழ்ப் படங்கள் குறைவு. எனவே விளம்பரம், ஆவணப்படம், தொலைக்காட்சி நாடகம், வானொலி, மேடை என எல்லாவற்றிலும் கைவைக்கவேண்டும்; சிங்களமும் ஆங்கிலமும் பேச வேண்டும். வாத்தியக் குழுவொன்று செய்த வேலையை இன்று ஒருவர் கணினியில் தனியே செய்கிறார். இதனாற் புதியவருக்குக் கதவு திறந்தது. பழைய வாத்தியக்காரர் பலருக்கு அதே கதவு மூடிக்கொண்டது. செயற்கை நுண்ணறிவும் இப்போது கேட்ட மாத்திரத்தில் இசை செய்து தருகிறது. பொதுப்படையான இசையைச் செய்பவருக்கு இது ஆபத்து. சுளகை எங்கே நிறுத்துவது என்று கதையைப் படித்து அறிந்தவருக்கு ஆபத்துக் குறைவென்றே கருதுகிறேன்.

இன்னுமொன்று. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசைப் படைப்புக்கும் பாதுகாப்பளிக்கிறது. படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். ஆனால், வாசிக்காமலே ஒப்பமிட்ட ஒரு தாளில் அதனைக் கைமாற்றிவிடவுங்கூடும். ஆகவே இசையமைப்பவனும் ஒப்பந்தத்தை வாசிக்கப் பழகவேண்டும்.

ஒரு வாரத்தின் பின் அந்தத் தாயார் வந்தார். நான் மூன்று விடயங்கள் சொன்னேன். முதலாவது, பரீட்சையை எழுதட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இசை பயில அது வழி திறக்கும். வேலை வராத மாதங்களில் வேறொரு தொழிலுக்கும் கைகொடுக்கும். இரண்டாவது, நாளுக்கு ஒரு மணித்தியாலம் அவனுக்கு விடுங்கள். கைத்தொலைபேசியில் ஊரின் ஒலிகளைப் பதிந்து, நாடகப் பிரதி ஒன்றுக்குப் பொருத்திப் பழகட்டும். மூன்றாவது, ஐந்தாண்டுகள் பொறுத்திருங்கள். அதற்கு முன் இத்தொழில் யாரையும் நம்பிச் சோறு போடாது.

"அப்ப சீவிக்கலாம் எண்டு சொல்லுறியளோ, சேர்?" என்று கேட்டார்.

"சீவிக்கிற ஆக்கள் இருக்கினம், அம்மா. இவனுக்குக் கேட்கிற காது இருக்கு. மிச்சம் அவன்ரை உழைப்பு" என்றேன்.

பத்தாண்டுகளுக்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அந்த முதல் மாணவனுக்கும் இதனை எழுதி அனுப்பியிருக்கிறேன்.