எண் 33 ஓடிய 728 யார்டு

விஸ்கான்சின் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் வரலாற்றில் தலைசிறந்த ரன்னிங் பேக், அதாவது பந்தைச் சுமந்து ஓடுபவர், யார்? அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரில் நான்கு பேர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் பொழுது போவதே தெரியாது. அங்கே சட்டை எண்ணைச் சொன்னாலே ஆள் யாரென்று புரிந்துவிடும். நாமும் எண்ணிலேயே பேசுவோம்.

முதலிடம் 33. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1996 முதல் 1999 வரை ஆடியவர். கடைசி ஆண்டில், கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மேன் கோப்பை. அடுத்தடுத்து இரண்டு ரோஸ் பவுல்களில் ஆட்ட நாயகன். நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு அந்த வேகத்தில் பாய்ந்து வரும்போது குறுக்கே நிற்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும். அதிகாரபூர்வக் கணக்கில் அவருக்கு 6,397 யார்டு. நிஜத்தில் ஓடியதோ 7,125. மீதி 728 எங்கே போனது? 2002-க்கு முன்பு, ரோஸ் பவுல் போல சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களின் ஓட்டம் தேசியச் சாதனைக் கணக்கில் சேராது. பிறகு சேர்த்தார்கள், பழைய கணக்கைத் திருத்தவில்லை. 2016-இல் சான் டியாகோ ஸ்டேட் வீரர் ஒருவர் பவுல் ஆட்டங்களையும் சேர்த்து 6,405 எடுத்தார், அதுவரை 33-இன் கையில் இருந்த தேசியச் சாதனை கைமாறியது. எட்டே எட்டு யார்டு! விஸ்கான்சின்காரர்களுக்கு வயிறு எரியாதா?

35-ஐயும் விட்டுவிட முடியாது. 1954-இல் ஹைஸ்மேன் வென்றவர். பந்தோடு ஓடிய அதே ஆள், பந்து எதிரணிக்குப் போனதும் தடுப்பிலும் நிற்க வேண்டிய காலம் அது. அப்படியும் 3,212 யார்டு. 28 வேறு ரகம்: 2011-இல் ஒரே சீசனில் 39 டச் டவுன், 1988-இன் சாதனைக்குச் சமம். முன்வரிசைத் தடுப்பாளர்கள் வழி திறந்துவிட்டால் யார்தான் ஓட மாட்டார்கள் என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.

என் கவலை வேறு. யார்டை எண்ணுகிறோம், அதற்காக எத்தனை முறை ஒருவர் கையில் பந்தைத் திணித்தார்கள் என்று எண்ணுகிறோமா? 33-க்கு 1,220 முறை. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் யாராவது, பெரும்பாலும் இரண்டு மூன்று பேர், மேலே வந்து விழுகிறார்கள். வயதோ இருபதைச் சுற்றி. 2021 ஜூலைக்கு முன்பு இந்தப் பையன்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு காசு சம்பாதிக்க விதியில் இடமில்லை; உதவித்தொகையோடு சரி. அரங்கம் நிறைந்தது, சட்டைகள் விற்றன. தொழில்முறைக் களத்துக்குப் போன 33 ஒரு சீசனில்கூட ஆயிரம் யார்டைத் தொடவில்லை. அதற்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்கு அந்த 1,220 தான் கண்ணில் நிற்கிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால் 25 இரண்டாமிடத்துக்கு வந்துவிடுகிறார். கல்லூரிக் காலம் முழுக்க 631 முறைதான் பந்தைத் தூக்கினார். சேர்த்தது 4,915 யார்டு. 2014 நவம்பர் 15 அன்று நெப்ராஸ்காவுக்கு எதிராக 25 ஓட்டத்தில் 408. அதுவும் முக்கால் ஆட்டத்தில்! ஆட்டம் கைக்குள் வந்துவிட்டதால் கடைசிப் பகுதியில் உட்கார வைத்துவிட்டார்கள். தேசியச் சாதனை. ஒரே வாரத்தில் ஓக்லஹோமாவின் முதலாண்டு மாணவர் 427 எடுத்து அதை முறியடித்தார். இன்னும் நாலு முறை பந்தைக் கொடுத்திருக்கலாமே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. அந்த அணி எடுத்த முடிவுகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

மூன்றாமிடம் 23-க்கு. 2017 முதல் மூன்றே ஆண்டில் 6,174 யார்டு, 926 ஓட்டம். அவருக்குத்தான் முதலிடம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான்காம் ஆண்டும் ஆடியிருந்தால் 7,125-ஐத் தாண்ட 952 யார்டு போதும். அவர் ஓடிய ஓட்டத்துக்கு ஆறேழு ஆட்டம். அவர் காத்திருக்கவில்லை. சம்பளம் கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.