கியர் விழ மறுக்கிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்!

ஜூன் பிறந்துவிட்டால் நெல்லியாளம் பக்கம் மழைதான் ராஜா. தமிழகத்தில் அதிக மழை பெய்த இடங்களின் பட்டியலில் தேவாலாவும் பந்தலூரும் அடிக்கடி வந்துவிடும். எஸ்டேட் லயன்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கும், நோயாளிகளைக் கூடலூருக்கும் ஏற்றிச் செல்லும் டீசல் மினிவேன்கள் அந்த மழையிலேயே நின்று, மழையிலேயே ஓடுகின்றன. அப்படி ஒரு காலையில் கியர் விழ மறுத்தால், உடனே காதில் விழும் வார்த்தை: "கியர்பாக்ஸை இறக்கணும்ணே!"

அவசரப்படாதீர்கள். ஐந்து நிமிடச் சோதனை பெரிய செலவைத் தவிர்க்கலாம்.

முதல் கேள்வி: இன்ஜின் ஓடும்போதா, நிற்கும்போதா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழவில்லை என்றால், கிளட்சை விட்டு மீண்டும் மிதித்து முயலுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள்.

அணைத்திருக்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் மக்கர் செய்தால், சந்தேகம் கிளட்ச் மேல். மிதித்த பிறகும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். இதை உறுதிசெய்ய, கிளட்சை மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். 'கறகற' சத்தம் வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால், லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரையிலான கேபிள் அல்லது ராடு, கியர் ஆயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் என்றால்…

முதலில் குனிந்து கால்மிதியைப் பாருங்கள். மழைக்காக இரண்டு மூன்று மிதியடிகளை அடுக்கியிருந்தால், பெடல் அடிவரை போகாது. சிரிக்காதீர்கள், இதுவும் ஒரு காரணம்தான்!

கேபிள் கிளட்ச் என்றால், கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா, பெடலில் தளர்வு அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், பெடலை மூன்று நான்கு முறை மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். இப்போது எளிதாக விழுந்தால், லைனில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது சிலிண்டரில் கசிவு இருக்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மழைப் பிரதேசத்தில் அதை உரிய காலத்தில் மாற்றுவது அவசியம். குறைந்தால் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

பல நாள் மழையில் நின்ற வண்டியில், கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கேபிளா, ஆயிலா?

பல மினிவேன்களில் கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு நீளமான கேபிள் போகிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே போய், துரு ஏறி, லீவர் கனக்கும். கேபிளை கியர்பாக்ஸ் முனையில் கழற்றிவிட்டு லீவரை ஆட்டினால் குட்டு வெளிப்படும். அப்போதும் லீவர் இறுக்கமாக இருந்தால், குற்றவாளி கேபிள் அல்லது லீவரின் அடிப்பகுதி, கியர்பாக்ஸ் அல்ல.

குளிர்ந்த காலையில் மட்டும் இறுகி, சில கிலோமீட்டர் ஓடியதும் சரியானால், கியர் ஆயிலைக் கவனியுங்கள். தேவைக்கு மேல் தடிமனான ஆயில் குளிரில் இன்னும் கெட்டியாகும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. மேனுவலில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள ரசாயனம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம்.

ஒரே ஒரு கியர் மட்டும் எப்போதும் உறுமினால், அந்த கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். அதற்குத்தான் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும்.

மலைப்பாதையில் விளையாட்டு வேண்டாம்

36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி போன்ற பாதைகளில், இறங்கும்போது வண்டியைப் பிடித்து வைப்பது தாழ்ந்த கியர்தான். மூன்றிலிருந்து இரண்டுக்கு வர முயன்று, விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் மொத்தப் பாரமும் பிரேக் மேல். பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். விழவில்லை என்றால், பிரேக் நன்றாகப் பிடிக்கும்போதே வண்டியை ஓரமாக முழுவதும் நிறுத்திவிடுங்கள்.

ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பதும், ஓட்டும்போது கிளட்ச் மேல் காலை வைத்தே இருப்பதும் பிளேட்டைச் சுட்டுத் தேய்க்கும். ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "கியர் டைட்டா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இன்ஜின் ஆஃப்ல விழுது, ஆன்ல விழல, ரெண்டு தடவை மிதிச்சா விழுது" என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக்கின் வேலை பாதியாகும், உங்கள் பில்லும் குறையலாம். வேனில் வரும் பிள்ளைகளும் பத்திரமாக வீடு சேருவார்கள்!