வெப்பத்தால் பதப்படுத்திய மரம்: ஆஸ்துமா நோயாளிகள் அறிய வேண்டியவை

வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல், நீராவிச் சூழலில் ஏறத்தாழ 160 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்ட மரமே வெப்பத்தால் பதப்படுத்திய மரம். இவ்வெப்பத்தில் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் முதலில் சிதைந்து, அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. ஈரத்தை ஈர்க்கும் தன்மை குறைவதால் மரம் எளிதில் உப்புவதில்லை, விரைவில் மக்குவதுமில்லை.

தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தைப் போல, இதிலிருந்து அந்த நச்சுகள் மண்ணில் கசிவதில்லை. ஆயினும், நுரையீரல் நோயுள்ளோர் வாழும் இல்லங்களில் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• புதிய பலகையில் சில காலம் புகை வாடை இருக்கலாம். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.
• மரத்தூள் எதுவாயினும் மூச்சுக்குழாயை உறுத்தும். நீண்டகாலம் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோயும் ஏற்படலாம். அறுப்பதையும் இழைப்பதையும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்வோர் முகக்கவசம் அணிவது அவசியம். படிந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.
• எந்த மரப்புகையும் ஆஸ்துமாவைத் தூண்டும். மருந்து ஏற்றிய மரத்தை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும். எனவே, பழைய மரத்துண்டுகளை விறகாக்காதீர்கள்.

இன்ஹேலர் பயன்படுத்திய பின்னரும் மூச்சுத்திணறல் தணியாவிடில், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.