பொது நீருக்குப் பொதுக் கட்டுப்பாடு: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்

மாணவர்களே, "என் காணி, என் கிணறு, விரும்பியவாறு இறைப்பேன்" என்று ஒருவர் கூறுவது சரியாகுமா? யாழ்ப்பாணக் குடாநாட்டை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1. நீர் கிடைக்கும் விதம்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறுகள் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே பாய்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையின் ஒரு பகுதி, மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கித் தேங்குகிறது. இவ்வாறு நீரைத் தேக்கி வைத்திருக்கும் பாறைப்படை நீர்தாங்கு படை எனப்படும். கிணறுகள் தனித்தனியானவை, அவற்றுக்கு நீர் தரும் படையோ பொதுவானது.

2. கிணறு உவராவது ஏன்?

நன்னீரின் அடர்த்தி 1.000 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். எனவே நன்னீர், வில்லை வடிவில் உவர்நீரின்மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பின்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயர்ந்திருப்பின், நன்னீர் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை இருக்கும்.

உதாரணம்:
நீர்மட்டம் 0.5 மீற்றர் எனின் நன்னீரின் ஆழம் 20 மீற்றர்.
நீர்மட்டம் 0.25 மீற்றர் எனின் நன்னீரின் ஆழம் 10 மீற்றர்.

அதாவது, மேலே 25 சென்ரிமீற்றர் குறைந்தால் கீழே உவர்நீர் காலப்போக்கில் 10 மீற்றர் உயரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது.

3. கட்டுப்பாடு ஏன் தேவை?

ஒரு விவசாயி மட்டும் குறைத்து இறைத்தால், அவர் மிச்சப்படுத்தும் நீரை அயலவரின் இயந்திரம் இறைத்துவிடும். ஆகவே கட்டுப்பாடு அனைவருக்கும் பொதுவாக இருந்தாலே பயன் தரும். இலங்கையில் 1964 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீர்வளச் சபை அமைக்கப்பட்டது. எனினும் சட்டம் மட்டும் போதாது; பயன்படுத்துவோரின் உடன்பாடும் அவசியம்.

4. மேற்கொள்ளத்தக்க நடவடிக்கைகள்

• குழாய்க்கிணறுகளின் ஆழத்தையும் இடைவெளியையும் வரையறுத்தல்
• கோடையில் இறைக்கும் நேரத்தை மட்டுப்படுத்தல்
• நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் ஒழுங்காக அளந்து, அதற்கேற்ப எல்லையை மாற்றுதல்
• சொட்டுநீர்ப் பாசனத்தைக் கையாளல்
• குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துள் இறங்கச் செய்தல்

நினைவிற் கொள்க: உவரான கிணற்றை மீண்டும் நன்னீராக்கப் பல மாரிகள் தேவைப்படலாம்.

பயிற்சி: நீர்மட்டம் 0.6 மீற்றரிலிருந்து 0.4 மீற்றருக்குக் குறைந்தால் நன்னீரின் ஆழம் எவ்வளவால் குறையும்? (விடை: 8 மீற்றர்)